பாசலும் ரோட்டர்டாமும்: எந்த உடன்படிக்கையின் பிடி இறுக்கம்?

1989இல் ஏற்கப்பட்ட பாசல் உடன்படிக்கை அபாயகரமான கழிவுகள் எல்லை தாண்டுவதையும், 1998இல் ஏற்கப்பட்ட ரோட்டர்டாம் உடன்படிக்கை ஆபத்தான வேதிப்பொருள்கள், பூச்சிக்கொல்லிகள் ஆகியவற்றின் வணிகத்தையும் நெறிப்படுத்துகின்றன. இறக்குமதி செய்யும் நாட்டின் முன்னொப்புதல் இரண்டுக்கும் பொது.

ஆனாலும் பாசலின் பிடியே இறுக்கம் என்பேன். ஏற்றுமதியாளரின் தவறால் சட்டவிரோதமாக வந்து சேர்ந்த கழிவை, அனுப்பிய நாடே திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்கிறது அது. பழைய மெத்தை, தரைவிரிப்பு என்ற பெயரில் பிரிட்டனிலிருந்து கொழும்புக்கு வந்த கொள்கலன்களில் மருத்துவமனைக் கழிவும் கிடந்தது. அவற்றில் கடைசி 45 கொள்கலன்கள் 2022 பிப்ரவரியில் திருப்பி அனுப்பப்பட்டன.

ரோட்டர்டாம் எதையும் தடை செய்வதில்லை. முன்னொப்புதல் தேவைப்படும் பொருள்களின் பட்டியலில் ஒன்றைச் சேர்க்கவே உறுப்பு நாடுகளின் கருத்தொற்றுமை தேவை என்பதால், கிரைசோடைல் கல்நார் (நம் ஊர் ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளில் இருப்பதுதான்) சில நாடுகளின் எதிர்ப்பால் 2006 முதல் பட்டியலுக்கு வெளியிலேயே நிற்கிறது.