அவித்த முட்டையா, முட்டைப்பொரியலா, முருங்கையிலை வறையா? சீனி வருத்தக்காரருக்கான காலைச்சாப்பாடு

சீனி வருத்தம் உள்ளவர் காலையில் முட்டை சாப்பிடலாமா என்று இப்போது பெரிதாக யாரும் வாதிடுவதில்லை. பண்ணை முட்டை ஒன்றில் ஆறு கிராமளவு புரதம் இருக்கிறது, மாச்சத்து ஒரு கிராம்கூட வராது. அவித்தாலும் பொரித்தாலும் இந்தக் கணக்கு அப்படியே நிற்கும். குருதியில் சீனியை ஏற்றி இறக்குவது முட்டையோடு கோப்பைக்கு வந்து சேருகிற மற்றச் சாப்பாடுதான். அதனால் கெதியாய்ச் செய்யக்கூடிய மூன்றில் நான் நிற்பது முட்டை போட்ட முருங்கையிலை வறைப் பக்கம்.

முட்டைப்பொரியல் என்றால் எங்கள் வீடுகளில் பாண் வாங்கியே தீரும். 450 கிராம் றாத்தல் பாணில் கால் பங்கு என்றால் 110 கிராமுக்கு மேல். பாணில் கிட்டத்தட்ட பாதி மாச்சத்து, ஆகவே 55 கிராமளவு மாச்சத்து ஒரே இருப்பில் உள்ளே போகிறது. இரண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணியும் சேர்ந்தால் சொல்லத் தேவையில்லை. அவித்த முட்டை இரண்டைத் தனியே தின்றுவிட்டு எழும்புகிறவர்களும் குறைவு. பக்கத்தில் பிட்டோ இடியப்பமோ வந்துவிடும், எத்தனை இடியப்பம் போனது என்று யாரும் எண்ணுவதில்லை. வறை அப்படியில்லை. இரண்டு கைப்பிடி இலையும் இரண்டு முட்டையும் கோப்பையில் பாதியைத் தாமே பிடித்துக்கொள்ளும். முதலில் வறையைச் சாப்பிட்டு முடித்த பிறகு ஒரு துண்டுப் பாணோ உள்ளங்கையளவு பிட்டோ எடுத்தால் போதுமாயிருக்கும். இந்த ஒழுங்குக்கும் பலன் உண்டு: நார்ச்சத்தும் புரதமும் முன்னே போனால் பின்னால் வரும் மாச்சத்து மெதுவாகத்தான் சீனியாக ஏறும்.

குரக்கன் பிட்டு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்ற நினைப்பு ஊரில் நிறைய. குரக்கன் மாவிலும் மாச்சத்து அரிசிமாவுக்குக் கிட்டத்தட்டத்தான், நார்ச்சத்துத்தான் கூட. அளவு அங்கேயும் அளவுதான்.

அவித்த முட்டைக்கு எண்ணெய் இல்லை, கழுவச் சட்டி இல்லை. கொதிக்கிற தண்ணீரில் இறக்கிப் பத்து, பதினொரு நிமிடம் வைத்து உடனே பச்சைத் தண்ணீரில் போட வேண்டும். கூட நேரம் வெந்தால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வரும், கந்தக வாசம் அடிக்கும். அன்றிட்ட ஊர்க்கோழி முட்டை என்றால் கோது வெள்ளையோடு பிய்ந்து வரும், ஒரு கிழமை வைத்த முட்டை சுத்தமாக உரியும். ஊர்க்கோழி முட்டை சின்னது, ஆகவே புரதமும் கொஞ்சம் குறைவு.

முட்டைப்பொரியல் ஐந்து நிமிட வேலை, ருசியிலும் குறை சொல்ல முடியாது. எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் நிற்க வேண்டுமானால் தாச்சி நன்றாகச் சூடான பிறகே ஊற்ற வேண்டும். சூடேறாத தாச்சியில் முட்டை ஒட்டிக்கொள்ளும், ஒட்டியதைக் கிளப்ப மேலும் மேலும் எண்ணெய் விடுவோம். சிலர் முருங்கையிலையையும் முட்டைக்குள் அடித்துப் பொரிப்பார்கள். முட்டை வேகிற நேரத்துக்குள் இலை வேகாது, பச்சை வாசம் நிற்கும். இலை வேகட்டும் என்று விட்டால் முட்டை கருகும்.

இனி வறை, ஒருவருக்கான அளவு. முட்டை இரண்டு, உருவிய முருங்கையிலை இரண்டு கைப்பிடி, சின்ன வெங்காயம் ஐந்தாறு, பச்சை மிளகாய் ஒன்று, செத்தல் மிளகாய் ஒன்று, கறிவேப்பிலை, மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை, தேங்காய்ப்பூ ஒரு மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி. வெங்காயமும் மிளகாயும் வதங்கியதும் இலையையும் மஞ்சளையும் போட்டு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடாமல் நாலு நிமிடம் பிரட்ட வேண்டும். மூடினால் இலை பச்சை மாறிக் கறுத்துப்போகும். உப்பு, இலை சுருங்கிய பிறகுதான். மலையாய்க் கிடக்கும் இலையைப் பார்த்து உப்புப் போட்டால் கடைசியில் கரிக்கும்.

கவனிக்க வேண்டிய இடம் முட்டை ஊற்றும் இடம். தாச்சியில் ஈரம் வற்றி, இலை ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர வேண்டும். பிறகு இலையை ஒரு பக்கம் ஒதுக்கி, வெறுமையான பக்கத்தில் அடித்த முட்டையை ஊற்றி, அது பாதி இறுகியதும் அகப்பையால் கொத்தி இலையோடு கலக்க வேண்டும். ஈர இலைமேல் நேரே ஊற்றினால் முட்டை இலையில் பூசிக்கொண்டு சாம்பல் நிறத்தில் களியாகும். தேங்காய்ப்பூ கடைசியில், ஒரு பிரட்டு. தேசிக்காய்ப் புளி அடுப்பை அணைத்த பிறகு. முன்பே விட்டால் இலை நிறம் மங்கும், கடைசியில் விட்டால் இலையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேரவும் உதவும்.

வறையின் ஒரே பாடு இலை உருவுவது. காலையில் அதைத் தொடங்கினால் கெதிச் சமையல் என்ற பேச்சுக்கே இடமில்லை. வேலியில் ஒடித்ததோ யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கியதோ, கொப்புகளைக் கழுவாமல் துணியிலோ பழைய பேப்பரிலோ இறுக்கிச் சுற்றி இரவு வைத்துவிட்டால், விடிய உதறும்போதே பெரும்பாலான இலை கொட்டிவிடும். நனைந்த இலையைச் சுற்றினால் கறுக்கும், கழுவுவது சமைக்கும் முன்புதான். இலை தயார் என்றால் அடுப்பு வேலை பத்துப் பன்னிரண்டு நிமிடம். இலை கிடைக்காத நாளில் கோவாவை மெல்லிசாய் அரிந்து இதே முறையில் வறுக்கலாம், உருவும் வேலையே இல்லை.

இன்சுலினோ, சீனியைக் குறைக்கும் கிளிக்லசைட் போன்ற குளிசையோ எடுப்பவர்கள் பாணையும் பிட்டையும் ஒரே நாளில் வெட்டக்கூடாது. மருந்து பழைய அளவிலேயே இருக்க மாச்சத்து குறைந்தால் குருதியில் சீனி 70 mg/dLக்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கும். கிளினிக்கில் சொல்லிவிட்டுக் குறைப்பதே சரி. குருதி உறையாமல் இருக்க வார்பரின் குளிசை குடிப்பவர்கள் இலைவகையைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் புரதத்தின் அளவை வைத்தியரிடம் கேட்க வேண்டும். கொலஸ்ரோல் கூடியவர்கள் கிழமைக்கு எத்தனை முட்டை என்பதையும் அங்கேயே கேட்கலாம், வறையில் தேங்காய்ப்பூவை அரைக் கரண்டியாக்கலாம். ஒருவருக்கு ஒத்துவந்த அளவு இன்னொருவருக்கு ஒத்துவரும் என்றில்லை. வீட்டில் குளுக்கோமீற்றர் இருந்தால் சாப்பிட முன்னும், முதல்வாய் வைத்து இரண்டு மணித்தியாலம் கழித்தும் குத்திப் பார்த்தால் பாண் ஒரு துண்டா இரண்டா என்று தெரிந்துவிடும்.

பொதிகட்டி வேலைக்குக் கொண்டுபோகிற நாளில் மட்டும் என் வாக்கு அவித்த முட்டைக்கு. தேங்காய்ப்பூ சேர்ந்த வறை எங்கள் வெயிலில் விரைவில் பழுதாகும். கோது உரிக்காத முட்டை இரண்டு, ஒரு வெள்ளரிக்காய், மிளகுதூளும் உப்பும் தனியாக ஒரு பேப்பர் மடிப்பில். காலைத் தேத்தண்ணி வேளைக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.