மரத்தில் சாய்ந்து மான் வேட்டை: சாடிலும் பிளாட்ஃபார்மும் காசுக்குத் தகுமா?

மிச்சிகனில் வில் சீசன் அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்கும். ஆகஸ்ட் பாதியிலிருந்தே எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, சாடில் வாங்கலாமா, இல்ல பழைய பரணே போதுமா?" (பரண் என்றால் மரத்தில் மாட்டி உட்காரும் மேடை, சாடில் என்றால் மரத்தில் கட்டிய கயிற்றில் சாய்ந்திருக்க இடுப்பில் மாட்டும் பட்டை.) கேட்கிறவர்கள் பெரும்பாலும் டெட்ராய்ட் பக்கம் கார் கம்பெனி வேலைக்கு வந்து, ஆபீஸில் கூட வேலை செய்கிற யாரோ கூட்டிக்கொண்டு போய் வேட்டையில் ருசி கண்ட நம்மாட்கள். ஒவ்வொருவரோடும் போனில் அரைமணி நேரம் பேசுவதற்கு ஒரே தடவையாக எழுதிப் போட்டுவிடலாம் என்றுதான் இது. மான் வேட்டையா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த ஒரு மாநிலத்தில் மட்டும் ஆண்டுக்கு 50,000-க்கும் மேல் மான் மீது வண்டி மோதிய விபத்துகள் பதிவாகின்றன. எப்போது, எத்தனை மான், எந்த ஆயுதம் என்பதெல்லாம் அரசு வகுத்த கணக்கு. மீதிச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாடில் நல்ல முறை, எனக்குப் பிடித்துவிட்டது, பழைய பரணை இனி எடுக்கப்போவதில்லை. ஆனால் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் சாடிலைப் பற்றியே பேசுகிறார்கள், என்ன துணி, எத்தனை அவுன்ஸ், எந்த கேமோ (காட்டோடு கலக்கும் நிறம்) என்று. காசு போக வேண்டிய இடம் அதுவல்ல. காலுக்கடியில் இருக்கும் அந்தச் சின்ன அலுமினியத் தட்டும் (பிளாட்ஃபார்ம்), தலைக்கு மேல் மரத்தைச் சுற்றியிருக்கும் கயிறும்தான்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. சாடில் என்பது பின்புறத்தைத் தாங்குகிற அகலமான பட்டை, தொடைக்கு இரண்டு வளையம், முன்னால் இடுப்பின் இரு பக்கத்தையும் சேர்க்கும் ஒரு கயிறு. இந்தக் கயிற்றுக்கு பிரிட்ஜ் என்று பெயர். மரத்தைச் சுற்றிச் சுருக்குப் போட்டு இறுக்கிய இன்னொரு கயிறு, டெதர், தலைக்கு நேரே இருந்து இறங்கி வந்து காரபினரில் (பூட்டிக்கொள்ளும் உலோகக் கொக்கி) பிரிட்ஜோடு சேரும். நீங்கள் மரத்தைப் பார்த்தபடி பின்னால் சாய்ந்திருப்பீர்கள், கால் பிளாட்ஃபார்மில் இருக்கும். அவ்வளவுதான். நாற்காலி கிடையாது, கைப்பிடி கிடையாது. "கயித்துல தொங்கிட்டே அம்பு விடறதா?" என்று சிரிப்பவர்கள் ஒரு தடவை வீட்டுக் கொல்லையில் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் சாய்ந்து பார்த்தால் சிரிப்பை நிறுத்திவிடுகிறார்கள். புதுச் சரக்கும் இல்லை இது. இதே மிச்சிகன்காரரான ஜான் எபர்ஹார்ட் 1980-களிலிருந்தே சாடிலில்தான் வேட்டையாடி வருகிறார். அப்போது அதைக் கண்டுகொண்டவர்கள் குறைவு. கடந்த ஏழெட்டு ஆண்டுகளில்தான் ஆளாளுக்குத் தைத்து விற்க ஆரம்பித்தார்கள்.

எடைதான் எல்லாரையும் இழுக்கிற விஷயம், அதில் பொய் இல்லை. மரத்தோடு சேர்ந்து நகர்ந்து ஏறும் இரண்டு துண்டுப் பரண், கிளைம்பர் என்பார்களே, அது ஏறக்குறைய 20 பவுண்டு. அதோடு மின்கம்பம் போல நேராக, கிளையில்லாத மரம் வேறு வேண்டும். பொதுக்காட்டில் மான் தடம் இருக்கும் இடத்தில் அப்படி ஒரு மரம் இருக்கவே இருக்காது. வளைந்த மேப்பிள், இரட்டைத் தண்டு ஓக், நடுவில் கிளை விட்டது, இதெல்லாம்தான் இருக்கும். சாடிலுக்கு இவை எதுவும் பிரச்சினை இல்லை. சாடில் இரண்டு பவுண்டுக்குள், பிளாட்ஃபார்ம் மூன்று நான்கு, ஏறும் ஸ்டிக்குகள் (மரத்தோடு கட்டி ஏறும் குட்டி ஏணித் துண்டுகள்) ஆளுக்குத் தகுந்தபடி. எல்லாம் சேர்த்து முதுகில் போட்டுக்கொண்டு சதுப்பைத் தாண்டி ஒரு மைல் நடந்தாலும் மூச்சு வாங்காது.

ஏறுவதைப் பற்றி. மின்வாரிய லைன்மேன் கம்பத்தில் கட்டிக்கொள்வாரே, அந்தக் கயிறேதான் இங்கேயும், பெயரும் அதே. இடுப்பின் இரு பக்க வளையத்திலும் மாட்டி, மரத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஸ்டிக்காகக் கட்டிக் கட்டி ஏற வேண்டும். மூன்று அல்லது நான்கு ஸ்டிக்கில் 15 அடி, 18 அடி வந்துவிடும். எல்லாவற்றுக்கும் கீழே உள்ள ஸ்டிக்கில் நாடா ஏணி ஒன்றைத் தொங்கவிட்டால் இன்னும் கொஞ்சம் கூடும். உச்சிக்கு வந்ததும் டெதரை மரத்தில் கட்டி, பிரிட்ஜில் மாட்டி, உடம்பு எடையை அதில் போட்டுப் பார்த்த பிறகுதான் லைன்மேன் கயிற்றைக் கழற்ற வேண்டும். வழியில் கிளை வந்தால் கயிற்றைக் கழற்றி மேலே போடத் தோன்றும், "ஒரு செகண்ட்தானே" என்று. அந்த ஒரு செகண்டுக்காகத்தான் இரண்டாவது கயிறு வாங்கச் சொல்கிறேன். முதலில் அதைக் கிளைக்கு மேலே கட்டிவிட்டு, பிறகு கீழ்க் கயிற்றை எடுங்கள். தரையை விட்டது முதல் தரையைத் தொடுகிற வரை ஒரு கயிறாவது உங்களை மரத்தோடு பிடித்திருக்க வேண்டும். பழைய பரணில் பலர் மேலே போய் உட்கார்ந்த பிறகுதான் பெல்ட்டையே மாட்டுகிறார்கள். சாடிலில் கயிறு இல்லாமல் வேலையே நடக்காது, எடையைவிட இதுதான் எனக்குப் பெரிய லாபமாகத் தெரிகிறது.

இப்போது பிளாட்ஃபார்ம். கடையில் கையில் எடுத்தால் ஏமாற்றமாக இருக்கும், ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டைத் தட்டு, இதற்கா 150 டாலர் என்று. பின்னால் ஒரு செங்குத்துத் தண்டு இருக்கும், அதன் மரம் தொடும் பக்கத்தில் பற்கள். தட்டின் முன்விளிம்பை மேல்நோக்கித் தூக்கியபடி வைத்து, தட்டை மரத்தோடு கட்டும் பட்டையை முடிந்த மட்டும் இறுக்கி, பிறகு முன்விளிம்பை ஒரு காலால் மிதித்துக் கீழே தள்ள வேண்டும். தட்டு கிடைமட்டத்துக்கு வரும்போது பற்கள் மரத்தைக் கடித்து, பட்டை வீணைத் தந்தியாக விறைத்துவிடும். அந்தக் கடி சரியாக விழுந்ததா என்பது காலுக்கே தெரியும். சரியாக விழவில்லை என்றால் நேராக நிற்கும்வரை ஒன்றும் ஆகாது. நீங்கள் மரத்தைச் சுற்றி ஒரு பக்கமாகச் சாய்ந்து, தட்டின் ஓரத்தைப் பாதத்தால் தள்ளும்போதுதான் அது சட்டென்று விலகும். ஆள் விழ மாட்டான், டெதர் பிடித்துக்கொள்ளும். ஆனால் முழங்கால் மரத்தில் மோதும், அந்தச் சத்தத்தில் அந்தப் பக்கத்து மானெல்லாம் அடுத்த கவுண்டிக்குப் போய்விடும்.

நான் முதலில் வாங்கியது மலிவுத் தட்டு. பெயர் வேண்டாம். பட்டையின் பக்கிள் குளிரில் வழுக்கியது. காலையில் இறுக்கிக் கட்டியது வெயில் ஏறுவதற்குள் ஒரு விரல் நுழைகிற அளவு தளர்ந்துவிடும். எழுதிக் கேட்டதற்கு "நீங்கள் சரியாகக் கட்டவில்லை" என்று வீடியோ இணைப்பு அனுப்பினார்கள். வேறு பட்டை கேட்டதற்குப் பதிலே இல்லை. இப்போது இருப்பது விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, ஆனால் மரத்தைத் தொடும் பகுதி அகலமானது, ஓரத்தில் நின்று தள்ளினாலும் அசையவில்லை. பார்த்து வாங்கச் சொன்னால் அதைத்தான் சொல்வேன்: தட்டு எவ்வளவு பெரிது என்பதல்ல, மரத்தைப் பிடிக்கும் இரண்டு முனைகளுக்கு இடையே எவ்வளவு அகலம் என்று பாருங்கள். மாட்டிய பிறகு, டெதரில் எடை இருக்கும்போதே, நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக மிதித்துப் பாருங்கள்.

மரத்தையும் பார்க்க வேண்டும். ஷாக்பார்க் ஹிக்கரி என்று ஒரு மரம், மரப்பட்டை தகடு தகடாக உரிந்து தொங்கும். பல் கடிப்பது அந்த மரப்பட்டையைத்தான், உள்ளிருக்கும் மரத்தை அல்ல, சத்தமும் அதிகம். தவிர்த்துவிடுங்கள். பீச் (beech) மரம் வழவழப்பு, மழை நாளில் ஸ்டிக்கை இன்னும் இறுக்கிக் கட்ட வேண்டும். ஓக் எல்லா வகையிலும் உத்தமம், கீழே கொட்டிக் கிடக்கும் கொட்டைக்கு மானும் வரும். ஆஷ் மரத்தில் மட்டும் தயவுசெய்து ஏறாதீர்கள். எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டை இந்த நாட்டில் முதலில் கண்டுபிடித்ததே 2002-இல் டெட்ராய்ட் பக்கம்தான், அதற்கப்புறம் இங்கே ஆஷ் மரங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. செத்த ஆஷ் நின்றபடியே நொறுங்குகிற மரம். அக்டோபர் கடைசியில் இலை உதிர்ந்தபின் உயிருள்ளதா செத்ததா என்று தெரியாது, ஆகவே செப்டம்பரிலேயே மரத்தைத் தேர்ந்து வைத்துவிடுங்கள்.

சாடிலின் பெரிய புகார் இடுப்பு நெருக்கல். ஒரு மணி நேரத்தில் இரண்டு இடுப்பெலும்பையும் யாரோ கிடுக்கியில் வைத்து அழுத்துவது போல வரும். பலர் இத்தோடு விற்றுவிடுகிறார்கள். உடனே இன்னும் விலையுயர்ந்த சாடிலைத் தேடாதீர்கள். சாடில் பட்டையை இடுப்பில் கட்டாமல் கீழே இறக்கி, உட்காரும் சதைக்கு அடியில் வரும்படி வையுங்கள். டெதரை நெற்றி உயரத்துக்கு ஏற்றுங்கள், பிரிட்ஜை ஒரு சாண் நீட்டுங்கள். முக்கால்வாசிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும். அப்புறம், நாள் முழுக்க ஒரே மாதிரி சாயவும் கூடாது. கொஞ்ச நேரம் கால் நீட்டிச் சாய்வது, கொஞ்ச நேரம் டெதரை எடை தாங்கியபடியே நீட்டிக் கீழே இறங்கி முழங்காலை மரத்தில் ஊன்றி உட்காருவது. அதற்கு முழங்கால் பேட் அவசியம், இல்லையென்றால் ஓக் பட்டை ஜீன்ஸைத் தாண்டித் தோலில் அச்சுப் போடும். இவ்வளவும் செய்தும் அகலமான சீட்டும் கைப்பிடியும் உள்ள பரணில் கிடைக்கும் சுகம் வராது. காலை இருட்டிலிருந்து மாலை இருட்டு வரை உட்காருவேன் என்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்பு விடுவதில் வலது கைக்காரருக்கு இடப்பக்கம் வரும் மான் லட்டு. வலப்பக்கம் வந்தால்தான் வேலை. ஒன்று, உடம்பைத் திருப்பி வில்லை பிரிட்ஜுக்கு அடியில் அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் கால் ஊன்றி மரத்தைச் சுற்றிச் சுழல வேண்டும். மான் எந்தப் பக்கம் வரும் என்று பார்த்து அதை இடப்பக்கம் வைத்துத் தட்டை மாட்டுவது பாதி வேலை. பதிலுக்கு ஒரு வசதி, பரணில் கிடைக்காதது: மான் நிமிர்ந்து பார்க்கும்போது உங்களுக்கும் அதற்கும் நடுவில் மரம் நிற்கிறது. போன நவம்பரில் ஒரு பெட்டை மான் காலைத் தட்டிக்கொண்டு மேலே பார்த்தபடி வெகுநேரம் நின்றது, நான் மெதுவாகத் தண்டுக்குப் பின்னால் நகர்ந்துவிட்டேன். அது தலையைக் குனிவது போல நடித்து மறுபடி சட்டென்று நிமிர்ந்தது (இந்தத் தந்திரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்), ஒன்றும் தெரியவில்லை, மேய ஆரம்பித்துவிட்டது.

சத்தத்துக்கு: அலுமினியமும் அலுமினியமும் மோதினால் காட்டில் மணியடித்த மாதிரி. ஸ்டிக், தட்டு ஓரம் எல்லாவற்றிலும் ஹாக்கி டேப் (துணி ஒட்டு நாடா) சுற்றுங்கள். வெல்க்ரோ வைத்த பை எதையும் மேலே கொண்டுபோகாதீர்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, இரண்டு விஷயம் தெரிந்தே ஆக வேண்டும். இந்தக் கயிறுகள் அதிகம் நீளாது. டெதரில் தளர்வு விட்டு நின்று வழுக்கினால் அந்த அதிர்ச்சி முழுதும் இடுப்பில்தான் இறங்கும், ஆகவே தளர்வே கூடாது. இன்னொன்று, கால் ஊன்ற இடமில்லாமல் அசையாமல் வெகுநேரம் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கி உயிருக்கே ஆபத்தாகும். கால் வைக்க ஒரு நாடா வளையம் பையில் இருக்கட்டும், போன் கைக்கெட்டும் பாக்கெட்டில் இருக்கட்டும், எந்த மரம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். இறங்குவது எப்போதும் இருட்டில், களைப்பில், விறைத்த விரலோடு. ஏறினதைவிட மெதுவாக இறங்குங்கள்.

மிச்சிகன் பொது நிலத்தில் மரத்தைத் துளைக்கும் திருகுப் படிகளுக்குத் தடை. சாடில்காரர்களுக்குப் பட்டையும் கயிறும்தானே, கவலையில்லை.

யார் வாங்க வேண்டாம்? சொந்த நிலம் வைத்திருந்து ஒரே இடத்தில் உட்காருகிறவர்கள் ஏணிப் பரணே போட்டுக்கொள்ளுங்கள், சுகமாக இருக்கும். முழங்கால் அறுவை சிகிச்சை செய்தவர்கள் கடன் வாங்கி முயன்று பார்த்துவிட்டு வாங்குங்கள். முடிச்சுப் போடவும் பழகவும் பொறுமை இல்லை என்றால் வேண்டவே வேண்டாம். பிரூசிக் முடிச்சை (எடை விழுந்தால் கயிற்றில் இறுகிப் பிடிக்கும் முடிச்சு) இருட்டில் கையுறையோடு போடத் தெரியாமல் காட்டுக்குப் போகக்கூடாது.

எல்லாம் புதிதாக வாங்கினால் 600, 700 டாலர் வந்துவிடும், ஆசைப்பட்டால் ஆயிரமும் தாண்டும். சீசன் முடிந்ததும் ஜனவரியில் பாதிப்பேர் விற்பார்கள். ஸ்டிக், பிளாட்ஃபார்ம் இரண்டையும் வெல்டிங்கும் பல்லும் பார்த்துத் தாராளமாகப் பழசு வாங்கலாம், பட்டையை மட்டும் மாற்றிவிடுங்கள். சாடிலும் கயிறும் காரபினரும் புதிதாகத்தான் வாங்க வேண்டும், சொந்தத் தம்பி கொடுத்தாலும் பழசு வேண்டாம். அவன் அதை கராஜில் பேட்டரிக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தானா என்று உங்களுக்குத் தெரியாது.