தேளா, தோளா: வாசிப்புச் சோதனைத் தாளோடு ஆறு வருடம்

ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஆறு வருடமாக ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்கிறேன். காதில் விழுவதைத் தாளில் குறிக்கிறேன். அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் அடுத்த வாரம் யாருக்கு என்ன என்று முடிவு செய்கிறேன். இதில் எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்று எழுதிவைத்தால் இந்த வேலையைத் தொடங்குகிறவர்களுக்கு உதவும்.

தாள் ஒன்றும் புதிதல்ல. எழுத்து, சொல், பத்தி, கதை என்று நான்கு படி. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்க 2005-இல் தொடங்கிய ஏசர் ஆய்வில் இருக்கும் அதே வரிசைதான். முதலில் பத்தியைக் கொடுக்க வேண்டும். சரளமாகப் படித்தால் கதைக்குப் போகலாம், திணறினால் சொல்லுக்கு இறங்கலாம், சொல்லும் வராவிட்டால் எழுத்து. ஐந்து எழுத்தில் நான்கைச் சரியாகச் சொன்னால் பிள்ளை எழுத்துப் படியில் இருக்கிறது என்று கணக்கு. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் ஆகும்.

முதல் வருடம் நான் செய்தது தவறு. எல்லாரையும் சோதித்தேன், படியைப் பதிவேட்டில் எழுதினேன், எழுத்துப் படியில் நின்ற ஒன்பது பேரை ஒரே குழுவாக உட்காரவைத்து மூன்று மாதம் எழுத்துப் பயிற்சி கொடுத்தேன். மறுபடி சோதித்தபோது ஆறு பேர் அதே இடத்தில் இருந்தார்கள். பிள்ளைகள் மேல் குறையில்லை. ஒன்பது பேருக்கும் படி ஒன்றுதான், ஆனால் தடங்கல் வேறு வேறு. ஒருத்திக்கு எல்லா எழுத்தும் தெரியும், கூட்டத் தெரியாது. 'ப', 'ட', 'ம்' என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டு, முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு 'பறவை' என்பாள். இன்னொருவனுக்கு அகர வரிசை தலைகீழாகத் தெரியும், கொம்பும் காலும் வந்தால் நின்றுவிடுவான். மூன்றாவது பிள்ளை தாளை மூக்கருகே கொண்டுபோனான். அவனுக்குத் தேவைப்பட்டது கண்ணாடி. படியை மட்டும் பார்த்த எனக்கு இந்த மூன்றும் தெரியாமலே போய்விட்டது.

அதன் பிறகு மதிப்பெண்ணை விட்டுவிட்டு, தவறை எழுத ஆரம்பித்தேன். நியூசிலாந்தைச் சேர்ந்த கல்வியாளர் மேரி கிளே கொண்டுவந்த முறை இது. பிள்ளை வாசிக்கும்போது உங்கள் கையிலும் அதே பத்தி இருக்கும். சரியான சொல்லுக்கு ஒரு சரிக்குறி. மாற்றிப் படித்தால் என்ன சொன்னதோ அதை அப்படியே மேலே எழுத வேண்டும். விட்டுப்போனால் ஒரு கோடு. தானே திருத்திக்கொண்டால் அதற்குத் தனிக் குறி. 50 சொல் பத்தியில் 2 தவறு என்றால் 96 விழுக்காடு, தனியாகப் படிக்கக் கொடுக்கலாம். 5 தவறு என்றால் 90, நம் துணையோடு படிக்கத் தோதானது. அதற்கும் கீழே போனால் அந்தப் பத்தி அந்தப் பிள்ளைக்கு இப்போதைக்கு வேண்டாம். இந்தக் கணக்கு புத்தகம் தேர்ந்தெடுக்க உதவும். பாடத்தைத் தேர்ந்தெடுக்க உதவுவது மேலே எழுதிய தவறுகள்தான்.

ஒரு பையனின் தாளைச் சொல்கிறேன். 'தோட்டம்' என்ற சொல்லுக்கு மேல் 'தேட்டம்' என்று எழுதியிருந்தேன். 'போனான்' மேல் 'பேனான்'. 'கொடு' மேல் 'கெடு'. மூன்றையும் வரிசையாகப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. கொம்பைப் பார்த்த உடனே படித்துவிடுகிறான், பின்னால் வரும் துணைக்காலை விட்டுவிடுகிறான். நம் எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கும், ஆனால் ஒலி மெய்க்குப் பிறகுதான் வரும். ஓகாரத்துக்கோ எழுத்தின் இரண்டு பக்கமும் குறி. ஆறு வயதுக் கண் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் போனால் அங்கே இடறத்தான் செய்யும். அவனுக்கு எழுத்துப் பட்டியலை முதலிலிருந்து ஓட்டுவதில் பயனே இல்லை. தேள் தோள், செல் சொல், பேய் போய், கெடு கொடு என்று இணைச் சொற்களை அட்டையில் எழுதினேன். ஒலிக்கும் முன்னால் மூன்று துண்டையும் சேர்த்து விரலால் வட்டமிடச் சொன்னேன். தினம் பத்து நிமிடம், அவ்வளவுதான்.

தமிழில் இதைச் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. பாடப் புத்தகத்திலிருந்து பத்தி எடுக்காதீர்கள். பிள்ளைகள் அதை மனப்பாடமாகச் சொல்வார்கள், கண் ஜன்னலில் இருக்கும். நான் பொருளில்லாச் சொல் பத்தும் வைத்திருக்கிறேன்: 'மேகு', 'டிபுல்', 'சொவ்வி' மாதிரி. இதை ஊகித்துச் சொல்ல முடியாது, எழுத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும். பேச்சில் 'ழ' வராத பிள்ளை 'பழம்' என்பதைப் 'பளம்' என்று வாசித்தால் அதை வாசிப்புத் தவறாக எண்ணக் கூடாது. சந்தேகம் இருந்தால் ழ, ள இரண்டையும் எழுதி, 'பழத்தில் வருவது எது?' என்று காட்டச் சொல்லுங்கள். சரியாகக் காட்டிவிட்டால் விட்டுவிடுங்கள்.

நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணும் சோதனையும் செய்கிறேன், ஆனால் பயந்துகொண்டேதான். கடிகாரத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் ஓட்டப்பந்தயம் என்று நினைத்துவிடுகிறார்கள். அதனால் ஸ்டாப்வாட்சை மடியில் வைத்துக்கொள்கிறேன். ஆங்கிலத்துக்குப் போட்ட வேக அட்டவணையைத் தமிழ்ப் பிள்ளைக்குப் பொருத்தவே கூடாது. 'விளையாடிக்கொண்டிருந்தார்கள்' நமக்கு ஒரே சொல். ஒரு பிள்ளையை அதே பிள்ளையின் போன மாத வேகத்தோடு ஒப்பிடுங்கள், போதும்.

வேகமாகப் படித்து ஒன்றும் புரியாத பிள்ளை ஒருத்தி இருந்தாள். கடகடவென்று கதையை முடிப்பாள். யார் எங்கே போனார்கள் என்று கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாள். காஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1986-இல் சொன்ன ஒரு கருத்து இங்கே எனக்குப் பெரிதாக உதவியது. வாசித்துப் புரிவது என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் கேட்டுப் புரியும் திறனையும் பெருக்கி வருவது. இரண்டில் ஒன்று பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம். அதனால் அதே அளவுள்ள வேறொரு கதையை நானே அவளுக்குப் படித்துக் காட்டிக் கேள்வி கேட்டேன். அதிலும் பதில் வரவில்லை. வீட்டில் பேசும் மொழி வேறு, கதையில் வரும் சொற்களில் பாதி அவள் கேட்டே அறியாதவை. அவளுக்கு வேண்டியிருந்தது பேச்சும் கதை கேட்பதும். அந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் இருந்திருந்தால், நன்றாகப் படிக்கிறாள் என்று எழுதி அடுத்த வகுப்புக்கு அனுப்பியிருப்பேன். அதை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

எத்தனை முறை சோதிப்பது? எல்லாருக்கும் வருடத்தில் மூன்று முறை. தடுமாறுகிறவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மூன்று நிமிடம், ஒவ்வொரு முறையும் வேறு பத்தி. மதிப்பெண்ணை வரைதாளில் புள்ளியாக வைத்து, எட்ட வேண்டிய இடத்துக்கு ஒரு கோடு இழுத்துவிடுவேன். ஒரு புள்ளி கீழே விழுந்தால் பதற வேண்டியதில்லை, அன்றைக்குக் காய்ச்சலாக இருக்கலாம். தொடர்ந்து நான்கு புள்ளி கோட்டுக்குக் கீழே இருந்தால் சொல்லிக்கொடுக்கும் முறையை மாற்றியாக வேண்டும்.

இனி, பட்டது. நேரம்தான் பெரிய சிக்கல். 28 பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் என்றால் இரண்டரை மணி நேரத்துக்குக் கிட்ட. அதுவரை மற்றவர்களை என்ன செய்வது? அவர்களுக்குப் படம் வரைதல், ஜோடி வாசிப்பு என்று கொடுத்துவிட்டு, சோதனையை மூன்று நாளுக்குப் பிரித்துக்கொள்கிறேன். இன்னொன்று, நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இந்த மதிப்பெண்ணை வைத்தே ஆசிரியர்களை எடைபோட்டார்கள். ஒரே வருடத்தில் சோதனைத் தாளே பாடமாகிவிட்டது, பிள்ளைகள் அந்தக் கதையை ஒப்பிக்கப் பழகினார்கள். அப்புறம் அந்தத் தாள் எதையும் காட்டவில்லை. இந்தச் சோதனை டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்றும் சொல்லாது. பார்வையும் காதும் சரியாக இருந்து, முறையை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொடுத்தும் ஒரு பருவம் முழுக்க நகரவில்லை என்றால், அந்தத் தாள்களையெல்லாம் எடுத்துக்கொண்டு நிபுணரிடம் போகச் சொல்லுவேன். அவர்களுக்கு அவை உண்மையிலேயே பயன்படும்.

கொம்பில் இடறிய பையனின் ஆறாவது தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவன் படித்தது புதுப் பத்தி. 'தே...' என்று ஆரம்பித்தான், நின்றான், விரலால் வட்டமிட்டான், 'தோப்பு' என்றான். அந்தச் சொல்லுக்கு மேல் தானே திருத்திக்கொண்டான் என்ற குறியைப் போட்டேன். "டீச்சர், என்ன எழுதுறீங்க?" என்று கேட்டான். காட்டினேன். அடுத்த வரியில் இன்னும் மெதுவாகப் படித்தான், 'கோவில்' என்பதை முதல் தடவையிலேயே சரியாகச் சொன்னான்.