வடசேரி டிவிடி கடையும் ஹாரி டீன் ஸ்டான்டனும்

நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தெருவில் பழைய டிவிடி, ப்ளூ-ரே விற்கிற சின்னக் கடை ஒன்று இருக்கிறது, போர்டுகூடக் கிடையாது. ஹாலிவுட் குணச்சித்திர நடிகர்களைப் பிடிக்கும் என்றால் கண்டிப்பாகப் போங்க, ஏனென்றால் இங்கே ஹீரோ பெயரில் அடுக்காமல் துணை நடிகர்களுக்கென்று தனி அலமாரியே வைத்திருக்கிறார்கள்.

"மக்கா, இந்த ஆளைப் பாரு" என்று அண்ணாச்சி எடுத்துக் கொடுத்தது ஹாரி டீன் ஸ்டான்டன் வரிசை. 1979-ல் வந்த 'ஏலியன்' படத்தில் பூனையைத் தேடிப் போய்ச் சாகிற மெக்கானிக் அவர்தான். அப்புறம் 1984-ல் 'பாரிஸ், டெக்சாஸ்', கான் திரைப்பட விழாவில் 'தங்கப்பனை' என்கிற முதல் பரிசை வாங்கிய படம், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அபூர்வமாகக் கிடைத்த நாயகன் வேடம். ஆரம்பத்தில் வெகுநேரம் வாயே திறக்காமல் பாலைவனத்தில் நடந்துகொண்டே இருப்பார், அந்த முகம் ஒன்றே போதும், அத்தனை வலியும் அதில் இருக்கிறது. 1986-ல் 'பிரிட்டி இன் பிங்க்' படத்தில் மகளுக்காக உருகும் அப்பா. 'தி கிரீன் மைல்' படத்தில் மின்சார நாற்காலி ஒத்திகைக்குக் கைதியாக உட்காருகிற கிழவர், சின்ன வேடம்தான், மறக்கவே முடியாது.

சில டிஸ்க்கில் கீறல் இருக்கிறது, கடையிலேயே ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்க. எனக்கு ஒன்றை மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார்கள். விலை நியாயம். 2017-ல் வந்த 'லக்கி' மட்டும் இல்லை, சொல்லி வைத்திருக்கிறேன்.