எந்த மவுத்கார்ட் நல்லது? வன்னி மைதானத்தில் இருந்து ஒரு அலசல்

போன வருடம் ஒரு பின்னேரம். கோர்னர் பந்துக்கு இரண்டு பொடியன்கள் ஒன்றாக எழும்பினார்கள். ஒருவனின் முழங்கை மற்றவனின் வாயில் பட்டது. விழுந்தவன் எழும்பி வந்து என்னிடம் கையை விரித்துக் காட்டினான். உள்ளங்கையில் மேல்வரிசை முன்பல்லின் பாதி கிடந்தது. வயது பதின்மூன்று. அவன் அழவில்லை. "சேர், இது திரும்ப முளைக்குமோ?" என்றுதான் கேட்டான்.

முளைக்காது. ஆஸ்பத்திரியில் பல்லின் நிறத்திலேயே பசை வைத்து ஒட்டிக் கட்டிவிட்டார்கள். ஆனால் பிலாக்கொட்டையைக்கூட இனி அந்தப் பல்லால் கடிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் நான் பல்லைக் காக்க வாயில் போடும் மவுத்கார்ட் தேடி அலையத் தொடங்கினேன்.

எங்கள் மைதானங்களைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனி, ஆடியில் கிறவல் நிலம் சிமெந்து மாதிரி இறுகிவிடும். கபடியில் காலை வாரினால் முகம்தான் முதலில் நிலத்துக்கு வரும். குத்துச்சண்டையிலும், குமித்தே என்ற நேருக்கு நேர் மோதும் கராத்தேயிலும் மவுத்கார்ட் இல்லாமல் போட்டிக்கு இறங்க விடமாட்டார்கள். உதைபந்தாட்டத்துக்கும் கபடிக்கும் அப்படிக் கட்டாயம் இல்லாததால் நாங்களும் அதை நினைப்பதில்லை.

வாங்கப் போனால் மூன்று வகை இருக்கிறது. கடையில் எடுத்தபடியே வாயில் போடுவது ஒன்று. சுடுதண்ணீரில் இளக்கிக் கடித்துப் பதிப்பது இரண்டாவது. பல் வைத்தியர் அச்செடுத்துச் செய்து தருவது மூன்றாவது.

முதலாவதில் அதிகம் கதைக்க ஒன்றும் இல்லை. விலை குறைவு, அவ்வளவுதான். யாருடைய பல்லுக்கும் பொருந்தாது. பல்லை இறுக்கிக் கடித்தால் மட்டும் நிற்கும், வாயைத் திறந்தால் விழும். மூச்சு முட்டுகிறது என்று பிள்ளைகள் பத்து நிமிடத்தில் துப்பிவிடுவார்கள். ஓட்டத்தின் நடுவே தொண்டைப் பக்கம் நழுவும் பயமும் உண்டு. இதை வாங்க வேண்டாம்.

இரண்டாவது வகையோடுதான் நான் இந்த ஒரு வருடம் மினக்கெட்டேன். ஈவிஏ என்ற மென்மையான பிளாஸ்ரிக்கில் செய்தது. சப்பாத்து, செருப்பு அடிகளில் வருகிற அதே வகைப் பொருள். சூட்டில் இளகும், ஆறினால் அந்த உருவத்திலேயே நிற்கும். விலை ஒரு சோடி உதைபந்துச் சப்பாத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனால் பதிக்கிற முறையில் பிழைத்தால் முதல் வகையைவிடப் பெரிதாக மேல் என்று சொல்ல முடியாது.

நாங்கள் முதல்முறை செய்தபோது பிழைத்தது. கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்து, பெட்டியில் போட்டிருந்த நேரத்தைப் பார்க்காமல் குத்துமதிப்பாக ஊறவிட்டோம். எடுக்கும்போதே தொய்ந்துவிட்டது. வாயில் வைத்தவன் பலங்கொண்ட மட்டும் கடித்தான். ஆறிய பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் முன்பல் வரும் இடம் கண்ணாடித்தாள் போல மெலிந்திருந்தது. அடி வாங்க வேண்டிய இடமே அதுதான். அங்கே குறைந்தது மூன்று மில்லிமீற்றராவது தடிப்பு இருக்க வேண்டும்.

இப்போது நான் செய்விக்கும் முறை வேறு. பெட்டியில் சொன்ன செக்கன் கணக்கை மணிக்கூட்டில் பார்த்து எடுப்பேன். ஒரு கணம் பச்சைத் தண்ணீரில் காட்டி, கண்ணாடிக்கு முன்னால் நின்று மேல்வரிசைப் பல்லில் வைக்கச் சொல்வேன். மெதுவாகக் கடிக்க வேண்டும். உதட்டுக்கு வெளியே இருந்து விரலால் பல் முரசோடு சேர்த்து அழுத்தி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்ச வேண்டும். பிறகு குளிர்ந்த தண்ணீரில் போட வேண்டும். வாயை ஆவென்று திறந்தாலும் மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் சரி. விழுந்தால், திரும்ப இளக்கலாம் என்று பெட்டியில் இருந்தால் இன்னொரு முறை. பின்பக்கம் குமட்டுகிறது என்று சிலர் கத்தரிக்கோலால் நிறைய வெட்டிவிடுகிறார்கள். கடைவாய்ப் பல் வரை மூடாவிட்டால் பிடிமானம் போய்விடும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தப் பொருளே பல் வைத்தியர் கையில் பிறந்ததுதான். 1890களில் லண்டனில் ஒரு பல் வைத்தியர் கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலில் குத்துச்சண்டை வீரர்களுக்குச் செய்து கொடுத்தார். இன்று பசையால் பல்லின் அச்செடுத்து, அதில் சாந்து வார்த்து, அந்த உருவத்தின் மேல் ஈவிஏ தகட்டைச் சூடாக்கி இழுத்துப் படிய வைக்கிறார்கள். விளையாட்டுக்குத் தக்க தடிப்பை வைத்தியரே தீர்மானிக்கலாம். கதைக்கலாம், மூச்சு விடலாம், போட்டிருப்பதே தெரியாது.

ஆனால் எங்கள் பக்கத்தில் அதற்கு அலைய வேண்டும். அச்செடுக்க ஒரு நாள், வாங்கிப் போட்டுப் பார்க்க இன்னொரு நாள். முல்லைத்தீவுக் கரையில் இருக்கும் ஒரு தாய்க்கு வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ இரண்டு தரம் பஸ் ஏறுவது என்றால் இரண்டு நாள் கூலி போகும். எல்லாப் பல் வைத்தியரும் செய்வதும் இல்லை, தொலைபேசியில் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதைவிட முக்கியம், ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று வரை பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும். தையில் செய்தது ஆவணியில் பொருந்தாது. அந்த வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு காசு போடச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அதனால் என் தெரிவு இப்படி. பதின்மூன்று, பதினான்கு வயது வரை இரண்டாவது வகையை ஒழுங்காகப் பதித்துப் பாவியுங்கள், பல் மாற மாற மாற்றுங்கள். பல் நிலைத்த பிறகு குத்துச்சண்டை, கராத்தே, ரக்பி என்று தொடர்கிறவர்கள் எப்படியாவது வைத்தியரிடம் செய்துகொள்ளுங்கள். பல்லில் கம்பி கட்டியிருப்பவர்கள் எந்த வயதிலும் தாங்களாக வாங்காமல் வைத்தியரைத்தான் கேட்க வேண்டும்.

இது தேவையா என்று கேட்கும் தகப்பன்மாருக்கு நான் நியூசிலாந்தைச் சொல்வேன். அங்கே 1990களின் பிற்பகுதியில் ரக்பிக்கு மவுத்கார்டைக் கட்டாயமாக்கினார்கள். 1995 தொடங்கி 2003 வரைக்குள் ரக்பியில் பல் அடிபட்டதற்கான இழப்பீட்டுக் கோரிக்கைகள் 43 சதவீதம் குறைந்தன. ஆனால் தலையில் அடிபட்டு மூளை அதிர்வதையும் இது தடுக்கும் என்று சில பெட்டிகளில் போட்டிருப்பார்கள். அதை நம்பி வாங்காதீர்கள், ஆராய்ச்சிகள் அப்படி ஒருமுகமாகச் சொல்லவில்லை.

எங்கள் வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு பிள்ளை தன்னுடையதை மோட்டார் சைக்கிள் சீற்றில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். திரும்பி வரும்போது அது கருவாடு மாதிரி வளைந்து கிடந்தது. பச்சைத் தண்ணீரில் கழுவி, காற்றுத் துளையுள்ள பெட்டியில் நிழலில் வையுங்கள்.

மவுத்கார்ட் போடாத நாளில் நிலையான பல் முழுதாகக் கழன்று விழுந்தால் வேரைத் தொடாமல், வெள்ளைப் பகுதியில் பிடித்து எடுங்கள். மண் இருந்தால் பாலிலோ தண்ணீரிலோ ஒரு தரம் அலசி, விழுந்த குழியிலேயே வையுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு அரை மணி நேரத்துக்குள் வைத்தியரிடம் ஓடுங்கள். பால்பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது. எங்கள் மைதானத்துக்கு முன்னால் இருக்கும் கடைக்கார அண்ணையிடம் சொல்லி வைத்திருக்கிறேன், விளையாட்டு நாளில் ஒரு பால் பக்கற்றையாவது விற்காமல் வைத்திருப்பார்.