பழைய எலெக்ட்ரிக் கார் வாங்கும் முன் வின் நம்பரைத் தட்டிப் பாருங்கள்: 2,150 டாலர் கொடுத்து நான் தெரிந்துகொண்டது

நியூ ஜெர்சியில் இருப்பவர்கள், அதுவும் முதல்முறையாகப் பழைய எலெக்ட்ரிக் கார் வாங்கப் போகிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வின் நம்பர் என்பது ஒவ்வொரு காருக்கும் இருக்கும் தனி அடையாள எண். எனக்கு 2,150 டாலர் போனது. பணத்தைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேன். ஆனால் மனைவியும் ஏழு வயது மகளும் உள்ளே இருக்க, 287 நெடுஞ்சாலையில் முன்கண்ணாடி வழியே ஒன்றும் தெரியாமல் வண்டி ஓட்டிய அந்த இரண்டு நிமிடத்தை மறக்க முடியவில்லை.

வண்டியை 2023 நவம்பரில் வாங்கினேன். எடிசன் பக்கத்தில் ஒரு யூஸ்டு கார் டீலர். கடையின் பெயரையும் காரின் பெயரையும் இங்கே எழுதவில்லை. முதலில் லீஸில் ஓடி, அப்புறம் ஏலத்தில் கைமாறி அந்தக் கடைக்கு வந்த வண்டி. 61,000 மைல் ஓடியிருந்தது. விபத்து எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் காட்டினார்கள். கூடவே ஒரு செக் லிஸ்ட்: டயர், பிரேக், பேட்டரி, விளக்கு என்று வரிசையாக டிக் அடித்திருந்தது. அதில் 'டிஸ்ப்ளே' என்று ஒரு வரியும் இருந்தது. அதற்கும் டிக். "வேறு ஏதாவது வேலை பாக்கி இருக்கிறதா?" என்று நான் வாய்விட்டுக் கேட்டேன். ஒன்றும் இல்லை, எல்லாம் பார்த்தாகிவிட்டது என்றார் விற்பவர். நம்பிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏழு வாரம் வண்டி நன்றாகத்தான் ஓடியது. 2024 ஜனவரி முதல் சனிக்கிழமை, மார்கழி மாதம், பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்குக் காலையிலேயே கிளம்பினோம். மதியத்துக்கு மேல் பனி கொட்டும் என்று சொல்லியிருந்ததால் சீக்கிரம் போய்த் திரும்பிவிடலாம் என்று நினைத்தோம். நெடுஞ்சாலையில் ஏறிப் பத்து நிமிடம் இருக்கும். நடுவில் இருக்கும் பெரிய திரை ஒரு முறை சிமிட்டியது. அப்புறம் கறுப்பாகிவிட்டது. பாட்டும் மேப்பும்தானே, கோயிலுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

லேன் மாற இண்டிகேட்டரைப் போட்டபோதுதான் ஏதோ தவறு என்று உறைத்தது. டிக் டிக் சத்தம் வரவில்லை. விளக்கு வெளியே எரிகிறதா இல்லையா, தெரியாது. அடுத்த நிமிடம் முன்கண்ணாடி ஓரங்களில் ஆவி படியத் தொடங்கியது. வெளியே உறைபனிக் குளிர், உள்ளே மூன்று பேர் மூச்சு. கண்ணாடிக்குச் சூடான காற்றை அடிக்கும் டீஃப்ராஸ்ட் பட்டன் எங்கே? திரையில். வேறு எங்கும் ஒரு பட்டன், ஒரு திருகு கிடையாது. கையால் துடைத்தேன், கோடு கோடாக மங்கியது. மனைவி சால்வை நுனியால் துடைக்க, துடைத்த இடத்தில் உடனே மறுபடி படிந்தது. மகள் பின்னாலிருந்து, "அப்பா, ஏன் மெதுவாப் போறீங்க?" என்று கேட்டாள். என் பக்கத்து ஜன்னலை இறக்கி, தலையை வெளியே நீட்டி, வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடியே ஓரத்துக்கு வந்து நிறுத்தினேன். பக்கத்தில் ஒரு பெரிய டிரெய்லர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. வண்டி முழுக்க அதிர்ந்தது.

அன்றிலிருந்து காரின் திரையை டிவி மாதிரி ஒரு வசதி என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்வதில்லை. இந்தக் கார்களில் பட்டன்களையெல்லாம் எடுத்துத் திரைக்குள் போட்டுவிட்டார்கள். திரை அணைந்தால் ரிவர்ஸ் கேமரா போகிறது, டீஃப்ராஸ்ட் போகிறது, சில வண்டிகளில் எச்சரிக்கை ஒலிகளும் போகின்றன.

திங்கட்கிழமை டீலரிடம் போனேன். நியூ ஜெர்சி சட்டப்படி, 60,000 மைலிலிருந்து 100,000 மைல் வரை ஓடிய பழைய காருக்கு டீலர் தர வேண்டிய வாரண்டி 30 நாள் அல்லது 1,000 மைல், எது முதலில் வருகிறதோ அது. எனக்கு 30 நாள் தாண்டிவிட்டது. திரைக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும், பாகம் 1,600, கூலி 550 என்றார்கள். வேறு வழி தெரியவில்லை. மகளைப் பள்ளியில் விட வண்டி வேண்டும். கார்டைக் கொடுத்தேன். அவசரத்தில், யாரிடமும் கேட்காமல் கொடுத்தேன். நீங்கள் செய்யக் கூடாதது இதுதான்.

மூன்று வாரத்தில் திரை மறுபடி சிமிட்ட ஆரம்பித்தது.

பிப்ரவரி முதல் வாரம், ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரம். அப்போதுதான் டெஸ்லா அமெரிக்காவில் சுமார் 22 லட்சம் கார்களை ரீகால் (குறையுள்ள வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) செய்த செய்தி வந்திருந்தது. காரணம், திரையில் வரும் பிரேக், பார்க், ஏ.பி.எஸ். எச்சரிக்கை எழுத்துகள் சட்டம் சொல்லும் அளவைவிடச் சிறியவை. குறைந்தது 3.2 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது விதி. சாஃப்ட்வேர் அப்டேட்டில் சரிசெய்துவிட்டார்கள். இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் டீமில் இருக்கும் திருநெல்வேலி அண்ணன் ஒருவர் என்னைப் பார்த்து, "எழுத்து சின்னதா இருந்ததுக்கே ரீகால் பண்றான். உனக்கு ஸ்க்ரீனே செத்துப் போச்சு. வின் நம்பர் போட்டுப் பாத்தியாடே?" என்றார்.

பார்க்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்குச் சரியாகத் தெரியாது.

பார்க்கிங்குக்குப் போய், டிரைவர் பக்க முன்கண்ணாடியின் கீழ் மூலையில் இருக்கும் எழுத்தும் எண்ணுமாக 17 இலக்கம் கொண்ட வின் நம்பரைப் போட்டோ எடுத்தோம். அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் (எல்லாரும் 'நிட்சா' என்பார்கள்) நடத்தும் தளத்தில், ரீகால் பக்கத்தில் அதை அடித்தேன். முதல் முறை தவறு என்றது. சைபருக்குப் பதில் ஓ என்ற எழுத்தை அடித்திருக்கிறேன். வின் நம்பரில் ஐ, ஓ, க்யூ எழுத்துகள் வரவே வராது, வட்டமாக இருந்தால் அது சைபர்தான். திருத்தி அடித்ததும் வந்தது: சரிசெய்யப்படாத ரீகால், 1.

உள்ளே திறந்து படித்தேன். நடுத்திரை திடீரென்று அணைந்துபோகலாம், ரிவர்ஸ் கேமராவும் டீஃப்ராஸ்டும் வேலை செய்யாமல் போகலாம், விபத்து அபாயம் கூடும், சரிசெய்ய உரிமையாளரிடம் கட்டணம் வாங்கப்படாது. என் காரில் நடந்ததை யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதியது போல இருந்தது. அறிவித்தது 2022இல். நான் வண்டி வாங்குவதற்கு ஒரு வருடத்துக்கும் முன்பே.

கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் இரண்டு மணி நேரத்தில், ஒரு காசு வாங்காமல், கம்ப்யூட்டரை மாற்றிப் புது சாஃப்ட்வேர் ஏற்றிக் கொடுத்தார்கள். கழற்றிய பழைய பாகத்தை டெக்னீஷியன் ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து என்னிடம் நீட்டினார். உலோக மூடி மேல் மஞ்சள் பெயின்ட் மார்க்கரில் ஒரு நம்பர் கிறுக்கியிருந்தது. இது புதியதல்ல, நொறுங்கிய கார்களை உடைத்து விற்கும் யார்டில் இருந்து எடுத்தது, அங்கேதான் இப்படி எழுதுவார்கள் என்றார். புதுப் பாகத்தின் விலை போட்டு, உடைத்த காரிலிருந்து எடுத்ததை எனக்கு மாட்டியிருக்கிறார்கள். அதுவும் அதே குறையுள்ள, அதே ரீகாலுக்கு உட்பட்ட பாகம்! அந்தப் பெட்டி இன்னும் என் கராஜில் இருக்கிறது.

சரி, அரசு ரீகால் என்று சொன்ன பிறகு இதை எப்படி விற்றார்கள்? இங்கேதான் நம்மில் பலருக்குத் தெரியாத ஓட்டை இருக்கிறது. ரீகால் பாக்கி உள்ள புதுக் காரை டீலர் விற்கக் கூடாது. 35 கார்களுக்கு மேல் வைத்திருக்கும் வாடகைக் கார் கம்பெனிகளும் 2016 முதல் அப்படிப்பட்ட வண்டியை வாடகைக்கு விடக் கூடாது. ஆனால் பழைய கார் விற்பனையைத் தடுக்கும் மத்திய சட்டம் எதுவும் கிடையாது. ரீகால் கடிதம் பதிவில் இருக்கும் உரிமையாளரின் முகவரிக்குத்தான் போகும். என் வண்டி லீஸ் கம்பெனியிலிருந்து ஏலத்துக்கும் அங்கிருந்து கடைக்கும் கைமாறிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் கடிதம் யார் வீட்டுக்குப் போனதோ. எனக்கு வரவில்லை.

ஏற்கெனவே செலவழித்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் ஒரு விதி இருக்கிறது. அதை நம்பிக் கம்பெனிக்கு எழுதினேன். ஆனால் அது ரீகால் அறிவிப்பு வருவதற்கு முன்பே சொந்தக் காசில் சரிசெய்தவர்களுக்கானது. நான் செலவழித்தது அறிவிப்பு வந்து ஒரு வருடத்துக்கு மேல் கழித்து. விண்ணப்பம் தள்ளுபடி. இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தப் பதிவை எழுதத் தோன்றியது. ரீகால் வந்த பிறகு வேறு கடையில் கொடுக்கிற பணம் திரும்பி வருவது கஷ்டம். திரை அணைந்தால் கார்டை எடுப்பதற்கு முன் ஃபோனை எடுத்து வின் நம்பரை அடியுங்கள்.

இது ஏதோ ஒரு வண்டியில் வந்த கோளாறு என்று நினைக்க வேண்டாம். எல்லாருக்கும் தெரிந்த வழக்கு டெஸ்லாவின் 2021 ரீகால். 2012 முதல் 2018 வரையிலான மாடல் எஸ், 2016 முதல் 2018 வரையிலான மாடல் எக்ஸ், மொத்தம் சுமார் 1,35,000 கார்கள். திரையை இயக்கும் கம்ப்யூட்டரில் 8 ஜிபி ஃப்ளாஷ் மெமரி. கார் ஓட ஓட அதில் ஏதாவது எழுதப்பட்டு அழிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பகுதியும் சுமார் 3,000 தடவை எழுதி அழிப்பதைத்தான் தாங்கும். சாதாரணமாக ஓட்டினாலே ஐந்தாறு வருடத்தில் தேய்ந்துவிடும். தேய்ந்தால் திரை போய்விடும். அது என்றென்றும் உழைக்கும் பாகம் அல்ல, தேய்வது இயல்புதான் என்று வாதாடிப் பார்த்தது அந்தக் கம்பெனி. 2021 ஜனவரியில் நிட்சா எழுத்து மூலமாகவே ரீகால் கேட்டது, அடுத்த மாதம் கம்பெனி ஒப்புக்கொண்டது. ஒரு கார் ஐந்து வருடத்துக்கு மட்டுமா ஓடும்? முதல் உரிமையாளர் கைவிடும் நேரத்தில்தான் இந்தக் கோளாறு தலைகாட்டுகிறது. மாட்டிக்கொள்வது நம்மைப் போல இரண்டாவதாக வாங்குபவர்கள்.

2022 மே மாதம் இன்னொன்று. ஃபாஸ்ட் சார்ஜ் செய்யும்போது கம்ப்யூட்டர் சிப் போதிய அளவு குளிராமல் சூடேறித் திரை அணைகிறது என்று சுமார் 1,30,000 டெஸ்லாக்கள். 2023 டிசம்பரில் ஷெவ்ரோலே பிளேசர் எலெக்ட்ரிக் காரின் விற்பனையையே ஜெனரல் மோட்டார்ஸ் சில மாதம் நிறுத்தி வைத்தது. அதுவும் சாஃப்ட்வேர் கோளாறுதான், வண்டி வாங்கிய புதிதிலேயே திரை அணைந்தது.

சாஃப்ட்வேரில் சரியாகிற ரீகால் என்றால் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். பழைய வண்டியில் முந்தைய உரிமையாளரின் அக்கவுன்ட் அப்படியே இருந்தால், அப்டேட் பற்றிய தகவல் அவருடைய ஆப்புக்குத்தான் போகும். சாவி வாங்கும் அன்றே அக்கவுன்ட்டை உங்கள் பெயருக்கு மாற்றி, வண்டியை வீட்டு வைஃபையில் இணைத்துவிடுங்கள். நிட்சா தளத்திலும் வின் நம்பரை ஒரு முறை பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். புதிதாக அறிவித்த ரீகாலில் எல்லா நம்பரும் அன்றே ஏறிவிடாது. நான் இப்போது மாதம் ஒரு முறை பார்க்கிறேன். உங்கள் வண்டியில் கோளாறு வந்து, ரீகால் எதுவும் காட்டவில்லை என்றால் அதே தளத்தில் புகார் பதியுங்கள். பத்து நிமிட வேலை. மேலே சொன்ன 2021 ரீகாலுக்கு வழிவகுத்த விசாரணையே உரிமையாளர்களின் புகார்களிலிருந்து தொடங்கியதுதான்.

டீலரிடம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பில், செக் லிஸ்ட், மஞ்சள் எழுத்துள்ள பாகத்தின் போட்டோ எல்லாவற்றையும் வைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். மாநில நுகர்வோர் துறையிலும் புகார் கொடுத்தேன். நியூ ஜெர்சியில் 5,000 டாலர் வரையிலான வழக்கை வக்கீல் இல்லாமலே சிறு வழக்கு நீதிமன்றத்தில் போடலாம், போடுவேன் என்றும் எழுதினேன். அதன் பிறகு கூலி 550ஐ மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். பாகத்தின் 1,600க்கு இன்னும் பதில் இல்லை. வழக்கு போடுவதற்கான தாள்களை நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

போன சனிக்கிழமை அந்தக் கடை வழியாகப் போனேன். முன் வரிசையில், நான் வாங்கியதே போல் இன்னொரு வண்டி, வெள்ளை நிறம், கண்ணாடியில் விலை ஒட்டி நின்றது. இறங்கி, நடைபாதையில் நின்றபடியே முன்கண்ணாடி மூலையில் இருந்த 17 இலக்கத்தையும் ஃபோனில் அடித்தேன்.

சரிசெய்யப்படாத ரீகால், 1.