பழைய பிஸ்ரலா, மின்கருவியா, பலகையா?

தை பிறந்தால் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு இறங்கிவிடும். சுண்ணாம்புக் கோடு போட ஆள் இருக்கும், இல்லங்களைச் சோடிக்க ஆள் இருக்கும், பாண்ட் வாத்தியத்துக்கும் ஆள் இருக்கும். ஓட்டத்தை எதைக் கொண்டு தொடக்குவது என்பது மட்டும் கடைசிக் கிழமையில்தான் ஞாபகம் வரும். நான் 14 வருடமாக ஆரம்பிப்பாளராக நிற்கிறேன். எங்கள் கழகத்திடம் 8 மில்லிமீற்றர் வெற்றுத் தோட்டா போடும் பழைய அரைத் தானியங்கிப் பிஸ்ரல் ஒன்று உண்டு. போன வருடம் அதைத் திருத்துவதா, மின்கருவி வாங்குவதா என்ற கேள்வி வந்தபோது, திருத்துவோம் என்று சொன்னவன் நான்.

சத்தத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பிஸ்ரல், சத்தமும் லைற்றும் போடும் மின்கருவி, இரண்டு பலகையைப் பிணைச்சலால் இணைத்து அடித்து மூடும் பலகை, மூன்றுமே நூறு மீற்றருக்குக் கேட்கும். விசில் இந்தக் கணக்கிலேயே வராது, ஏனென்றால் அதில் கண்ணுக்குத் தெரிய எதுவும் இல்லை. என் தீர்மானம் முழுக்க அந்தக் கண்ணுக்குத் தெரியும் விஷயத்தில்தான் நிற்கிறது.

நேரம் எடுப்பவர்கள் முடிவுக் கோட்டில் நிற்கிறார்கள். சத்தம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 345 மீற்றர் போகும். 100 மீற்றருக்கு அப்பால் போட்ட வெடி அவர்கள் காதுக்கு வர 0.29 செக்கன் ஆகும். காதை நம்பி மணிக்கூட்டை அமத்தினால் அந்த 0.29 செக்கன் ஓடுபவனுக்குச் சும்மா கிடைக்கிறது. அதனால்தான் பிஸ்ரலின் புகையைப் பார்த்து அமத்து என்கிறது விதி. கைமணிக்கூடு எப்படியும் மின்நேரத்தைவிட, அதாவது கருவி தானாகவே எடுக்கும் நேரத்தைவிட, கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும், 100 மீற்றருக்கு 0.24 செக்கன் கூட்டி ஒப்பிடுவது வழக்கம். அதோடு சத்தத்தின் பிந்தலும் சேர்ந்தால் அரைச் செக்கன் காணாமல் போய்விடும்.

இது எனக்கு ஏட்டுக் கணக்கு அல்ல. நான் பழக்கிய பையன் ஒருவன் பாடசாலை மைதானத்தில் 11.5 ஓடினான். அன்று தொடக்கியது விசிலால். மின்நேரம் வைத்த பெரிய போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனால் 12 செக்கனுக்கு மேல் வந்தது. தான் மோசமாக ஓடிவிட்டேன் என்று நினைத்து அந்தப் பிள்ளை அழுதான். உண்மையில் அவன் அன்றும் அதே வேகத்தில்தான் ஓடியிருக்கிறான், பிழை எங்கள் மணிக்கூட்டில் இருந்தது. அதை அவனுக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு கிழமை எடுத்தது.

சரி, மின்கருவியிலும் லைற் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் மாசி மாத வெயிலில், பின்னேரம் மூன்று மணிக்கு, மேற்கு முகம் பார்த்து நிற்கும் நேரக்கணிப்பாளருக்கு அந்த லைற் தெரிவது கஷ்டம். நாங்கள் இரவல் வாங்கிப் பார்த்த கருவியில் மூன்று பேரில் ஒருவர்தான் கண்டேன் என்றார். மற்ற இருவரும் சத்தத்துக்குத்தான் அமத்தியிருந்தார்கள். மூன்று மணிக்கூடும் மூன்று நேரம் காட்டினால் நடுவில் உள்ளதை எடுக்க வேண்டும் என்பது விதி. இருவர் காதால் அமத்தினால் அந்த நடு நேரமும் பிழையாகிவிடும். பிஸ்ரலுக்குப் பின்னால் கறுப்புப் பலகை ஒன்றைப் பிடித்தால் புகை வெள்ளையாக எழும்புவது நல்லாகத் தெரியும். வாடைக் காற்று கலைத்துவிடும்தான், ஆனாலும் எழும்பும் அந்தக் கணம் போதும். நேரக்கணிப்பாளர்களுக்கு நான் சொல்வதெல்லாம், ஓடுபவர்களைப் பார்க்காதீர்கள், அந்தக் கறுப்புப் பலகையைப் பாருங்கள் என்பதுதான்.

அரைத் தானியங்கியின் இரண்டாவது நன்மை, பிழையான ஆரம்பத்தில் தெரியும். ஒரு பிள்ளை முந்திப் பாய்ந்தால் உடனே இரண்டாவது வெடி வைத்து எல்லாரையும் திருப்பி அழைக்க வேண்டும். ஒற்றை வெடித் துவக்கில் அதற்கு இன்னொரு துவக்கு தேவை. இதில் முதல் வெடியின் வாயு மேல்பாகத்தைப் பின்னுக்குத் தள்ளி, வெற்றுக் கோதை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்கிறது.

இந்த வசதிதான் பழசானதும் தொல்லையாகவும் மாறுகிறது. கரி படிந்தால் மேல்பாகம் முழுத் தூரம் போகாது, கோது வாயில் கடிபட்டு நிற்கும். இரண்டு வருடத்துக்கு முன் 400 மீற்றர் இறுதியில் எனக்கு இது நடந்தது. திருப்பி அழைக்க வெடி இல்லை, பிள்ளைகள் வளைவு தாண்டிப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து போட்டி முடிந்த அதே இரவில் கழற்றி, பழைய பல்துலக்கியால் தேய்த்து, துடைத்து, தையல் மெசின் எண்ணெய் துளி விட்டுத்தான் பூட்டுவேன். காலையில் பார்ப்போம் என்று விட்டால் எங்கள் கடற்கரைக் காற்றில் சுருள்கம்பி துருப்பிடித்துவிடும். உடம்புப் பகுதி நாகக் (துத்தநாகக்) கலவை, இரும்பு அல்ல. அதனால் வருடத்துக்கு ஒரு தடவை வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், விழுந்திருந்தால் அதோடு அதை விட்டுவிட வேண்டும். ஈரம் குடித்த தோட்டா சில நேரம் வெடிக்காது, அப்போது வாயை மேலே பார்க்கப் பிடித்தபடியே கொஞ்சம் பொறுக்க வேண்டும். இந்தப் பராமரிப்புக்குப் பொறுப்பான ஒரு ஆள் இல்லாத கழகம் பழைய பிஸ்ரலை வாங்கவே கூடாது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பார்வைக்கு இது உண்மையான துவக்குப் போலவே இருக்கிறது. எங்கள் ஊர் வீதிகளில் அதைச் சும்மா பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போக முடியாது. கழகத்தின் கடிதம், பூட்டிய பெட்டி, பொலிசுக்கு முன்கூட்டியே அறிவித்தல் இல்லாமல் நான் வெளிக்கிடுவதில்லை. வெற்றுத் தோட்டா என்றாலும் கிட்டத்தில் அந்தச் சூட்டுக் காற்று ஆளைக் காயப்படுத்தும். கை எப்போதும் தலைக்கு மேலேதான். காதுக்கு அடைப்பும் வேண்டும், நான் பிந்தித்தான் போடத் தொடங்கினேன்.

மின்கருவிக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியது நிறைய உண்டு. 400 மீற்றரில் எட்டாவது பாதைக்காரன் முதலாவது பாதைக்காரனைவிட 53 மீற்றர் முன்னால் நிற்கிறான். ஆரம்பிப்பாளர் எங்கே நின்றாலும் யாராவது ஒருவருக்குச் சத்தம் பிந்தும். ஒவ்வொரு பாதைக்கும் பின்னால் ஸ்பீக்கர் வைத்தால் அந்த அநியாயம் தீரும். பெரிய போட்டிகளில் அப்படித்தான் செய்கிறார்கள். படமெடுத்து முடிவு பார்க்கும் கருவியோடு இணைத்தால் கைமணிக்கூட்டுக் கவலையே இல்லை. துரையப்பா அரங்கு போன்ற இடத்தில் பெரிய போட்டி நடத்துபவர்களுக்கு நான் பிஸ்ரலைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் பாடசாலை வாங்குவது ஒரே ஒரு பெட்டியும் ஒரே ஸ்பீக்கரும்தான், அந்த நிலையில் பாதை வித்தியாசம் அப்படியே இருக்கும். நான் மூன்று போட்டிக்குத்தான் பாவித்தேன், பற்றரி எத்தனை வருடம் தாங்கும் என்பதை நீண்ட காலம் வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள்.

பலகையை நான் பழைய முறை என்று ஒதுக்குவதில்லை. யுத்தம் நடந்த தொண்ணூறுகளில் தோட்டாவும் இல்லை, பற்றரிக்கும் தடை, கரண்டும் இல்லை. ஓடாவி ஒருவர் இரண்டு பலகையைப் பிணைச்சலால் இணைத்துத் தந்ததில்தான் நாங்கள் ஓடினோம். உள்பக்கம் வெள்ளை அடித்துவிட்டால் மூடும்போது தூரத்திலும் தெரியும். அந்தக் காலத்தில் வெடிச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் ஓட மாட்டார்கள், நிலத்தில் படுப்பார்கள். இப்போதைய பிள்ளைகளுக்கு அது தெரியாது. ஆனால் பார்க்க வந்திருக்கும் அம்மாக்களில் சிலர் முதல் வெடிக்கு இன்றும் திடுக்கிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

அதனால் பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட ஓட்டங்களுக்கு நான் பிஸ்ரலை எடுப்பதில்லை, பலகைதான். பெரிய பிள்ளைகளின் 100 மீற்றர் தொடங்குவதற்கு முன் ஒலிபெருக்கியில் ஒரு தடவை சொல்லச் சொல்வேன்: இனி வெடி வைக்கப்படும். அப்புறம்தான் பெட்டியைத் திறப்பேன்.